கொஞ்சம் உருக்கமா எழுதுங்க, அக்கா

கோத்தகிரியில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் என் ஜாப் டைப்பிங் கடை. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், இரண்டு ஸ்டூல், மழை பெய்தால் ஒரு மூலையில் ஒழுகும் தகரக் கூரை. 26 வருடமாக இங்கே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். பட்டா, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு, குடிதண்ணீர், கரடித் தொல்லை என்று எல்லாம் வரும். வருகிறவர்கள் ஈர ஸ்வெட்டரை உதறிக்கொண்டே பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்: "கொஞ்சம் உருக்கமா எழுதுங்க, அக்கா."

உருக்கினால் காரியம் நடந்துவிடும் என்று நானும் நம்பியவள்தான். அஞ்சல் வழியில் பி.லிட். முடித்த வருடம், எங்கள் வீட்டுப் பட்டாவுக்காக நானே ஒரு மனு எழுதினேன். தோட்டத் தமிழர்களை இங்கே அனுப்ப இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர் அப்பா. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் தங்கி, அப்புறம் இந்த மலைக்கு வந்து தேயிலைக் கொழுந்து எடுத்தவர். சொல்ல எவ்வளவு இருக்கிறது! நாலு பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் குறள், இரண்டாம் பக்கத்தில் "கண்ணீர்க் கடலில் தத்தளிக்கும் ஓடம்". எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கிருந்த எழுத்தர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. இதுல என்ன கேட்டிருக்கீங்க?" என்றார். கேட்டது நான்காம் பக்கத்தில், கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது. சர்வே எண் எங்குமே இல்லை.

அப்பா சிரித்தார். இலங்கையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், ஊருக்கே கடிதம் எழுதிக் கொடுத்தவர். "நாலு வரிக்கு மேல போனா துரை படிக்க மாட்டான்னு அப்பவே தெரியும். நீ படிச்சவ, சொன்னா கேக்கவா போற" என்றார்.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மனுவை வைத்துச் சொன்னாலும், ஊர்க் கூட்டத்தில் பேசவும், பள்ளிக்குக் கடிதம் எழுதவும், பத்திரிகைக்கு வாசகர் கடிதம் போடவும் இதே வித்தைதான்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் மனுவை முதலில் படிப்பவர் முடிவெடுப்பவர் இல்லை. அவர் ஒரு குறிப்பு எழுதி மேலே வைக்க வேண்டும். மேலே இருப்பவர் "என்னய்யா இது, எதுக்குச் செய்யணும்?" என்று கேட்பார். அப்போது சொல்ல இவர் வாயில் ஒரு வரி தயாராக இருக்க வேண்டும். அந்த வரியை எழுதிக் கொடுப்பதுதான் நம் வேலை. கீழே வரும் எல்லா உத்தியும் அந்த ஒரு வரிக்காகத்தான்.

எந்தக் காலத்தில் பேசுகிறீர்கள்?

பேச்சுக்கலை எப்படித் தொடங்கியது என்று கிரேக்கர்கள் ஒரு கதை சொல்வார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் கொடுங்கோலர்கள் வீழ்ந்தபின், பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்டு மக்கள் வழக்குமன்றம் போனார்களாம். அவர்களுக்கு வாதாடக் கற்றுக்கொடுத்தவர் கோராக்ஸ் என்பார்கள். ஆக, இதுவும் பட்டாத் தகராறில் பிறந்த கலைதான். படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம்.

அதற்கு அடுத்த நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இதை வகைப்படுத்தி எழுதினார். அவர் பேச்சை மூன்றாகப் பிரிக்கிறார். வழக்குமன்றப் பேச்சு நடந்து முடிந்ததைப் பற்றியது: யார் செய்தது, சரியா தவறா. சபைப் பேச்சு வரப்போவதைப் பற்றியது: இதைச் செய்யலாமா, வேண்டாமா. மூன்றாவது விழாப் பேச்சு. அது புகழ்வதும் இகழ்வதும். பணி நிறைவு விழா வாழ்த்து மடலுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவு தெரியாததால் வீணாகும் மனுக்களை நான் தினமும் பார்க்கிறேன். வேண்டியது ஒரு பேருந்து. எழுதிக்கொண்டு வருவதோ வழக்கு. எட்டு மாதமாக வண்டியை நிறுத்திவிட்டார்கள், கேட்டால் மரியாதையாகப் பதில் இல்லை, வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று இரண்டு பக்கம். படிப்பவர் என்ன செய்வார்? குற்றம் சாட்டப்பட்டவர் செய்வதைத்தான் செய்வார். தன் பக்க நியாயத்தைத் தேடி ஒரு பதில் எழுதுவார். பதில் வரும், பேருந்து வராது. பேருந்து வேண்டுமானால் வரப்போகிற காலத்தில் எழுதுங்கள்: காலை 7.15க்கு வண்டி வந்தால் யார் யார் எங்கே போய்ச் சேருவார்கள் என்று. விசாரணைதான் வேண்டும் என்றால் அது தனி மனு. இரண்டையும் ஒரே தாளில் கட்டாதீர்கள்.

உடைத்துப் பார்க்க ஒரு சிலம்பு

ஒருவரை இணங்க வைக்க மூன்று வழி என்று அதே அரிஸ்டாட்டில் சொல்கிறார். ஈதோஸ் என்பது சொல்கிற ஆள் மேல் வரும் நம்பிக்கை. லோகோஸ் என்பது சொல்லும் நியாயம். பேதோஸ் என்பது கேட்பவர் மனசில் எழும் உணர்ச்சி. பெயர்கள் கிரேக்கம் என்றாலும் சங்கதி நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை ஒரு மனுவாக நினைத்துப் படித்துப் பாருங்கள்.

கண்ணகி எடுத்த எடுப்பில் தன் ஊரைச் சொல்கிறாள். வெறும் பெயராக இல்லை. புறாவுக்காகத் தன்னையே தந்தவனும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என்கிறாள். அடுத்து கணவனின் குலம், நடந்தது, தான் யார் என்பது. கடைசியில் தன் பெயர். ஈதோஸ் முடிந்தது. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் இல்லை என்கிறான் பாண்டியன். அப்போது அவள் தன் துக்கத்தை விரிக்கவில்லை. என் சிலம்புக்குள் இருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்களுடையது முத்து என்கிறான் அவன். உடைத்தாள். மணி தெறித்தது. இதற்கு மேல் என்ன வாதம் வேண்டும்?

"தேரா மன்னா" என்ற தொடக்கத்தை மட்டும் வட்டாட்சியரிடம் முயன்று பார்க்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மனுவில் படிப்பவர் உடைத்துப் பார்க்க ஒரு சிலம்பு இருக்கிறதா? சர்வே எண், மின்கம்ப எண், பேருந்து நேரம், ரசீது நகல் என்று போய்ப் பார்த்தால் மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடுகிற ஒன்று. கையில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு மாதம் பொறுத்து, தாளைக் கையில் வைத்துக்கொண்டு மனு எழுதுவது நல்லது.

ஈதோஸ் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மொட்டைக் கடுதாசிக்கு ஈதோஸ் பூஜ்யம். ஒரே பேனாவில், ஒரே சாய்வில் போட்ட 60 கையெழுத்தும் அப்படித்தான். 12 பேர் போதும், கதவு எண்ணோடு. அதில் அங்கன்வாடிப் பணியாளரோ பால் ஊற்றுகிறவரோ இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பாதையில் தினம் நடக்கிறவர்கள் அவர்கள்தானே.

புகையா, மஞ்சா?

நியாயத்தை அடுக்குவதற்கு மணிமேகலையில் ஓர் அச்சு இருக்கிறது. அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் 29ஆம் காதையில் வருவது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நாம் நிறுவ வந்தது. புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், எடுத்துக்காட்டு. இந்த மலையும் புகைகிறது என்பது உபநயம். புகையுடையது நெருப்புடையது என்று கட்டி முடிப்பது நிகமனம்.

எனக்கு இதைப் புத்தகத்தில் படித்தபோது புரிந்ததைவிட, ஒரு மார்ச் மாதம் கடை வாசலில் நின்று எதிர்மலையைப் பார்த்தபோது நன்றாகப் புரிந்தது. புல் காய்ந்து கிடக்கும் மாதம். மேட்டில் வெள்ளையாக ஒன்று எழும்புகிறது. பக்கத்துக் கடைத் தம்பி, "காட்டுத் தீ அக்கா, ஃபாரஸ்டுக்குப் போன் போடவா?" என்றான். கொஞ்ச நேரம் பார்த்தோம். மஞ்சு, மலையில் ஏறும் மூடுபனி. ஏறிவந்து கலைந்துபோனது.

இந்த ஏமாற்றமும் அதே காதையில் இருக்கிறது. ஆவியா பனியா என்ற சந்தேகம் தீராமலே, புகைதான் என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவதை சித்தாசித்தம் என்கிறது. ஏதுவே நிச்சயமில்லாமல் முடிவு கட்டுவது. மனுக்களில் இது தாராளம். "தண்ணீர் வராததற்குக் காரணம் மேல் தெருக்காரர்கள் மோட்டார் வைப்பதே" என்று எழுதச் சொல்வார்கள். பார்த்தீர்களா என்று கேட்டால், "எல்லாரும் சொல்றாங்க." சரி, மோட்டாரை விடுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனை குடம் வந்தது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். காரணத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. நாம் புகை என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும்.

எடுத்துக்காட்டில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். அடுக்களை போல என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது, எல்லார் வீட்டிலும் அடுக்களை இருக்கிறது. உங்கள் எடுத்துக்காட்டும் படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். பக்கத்து ஊராட்சியில் இதே வேலையைப் போன வருடம் செய்தார்கள் என்றால் அது அடுக்களை. வெளிநாட்டில் இப்படி இருக்கிறது என்றால் அது அவர் பார்க்காத மலை.

ஒரு மனு, இரண்டு விதமாக

போன மழைக்காலத்தில் ஒரு பெண் வந்தாள். இலை எடுக்கிறவள், முப்பது வயதுக்குள் இருக்கும். காலேஜ் படிக்கும் தம்பி எழுதிக் கொடுத்ததைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று நீட்டினாள்.

"எங்கள் ஊரில் பல ஆண்டுகளாக அடிப்படை வசதிகள் ஏதுமில்லை. அதிகாரிகள் கண்டுகொள்வதில்லை. நூற்றுக்கணக்கான மக்கள் இருளில் மூழ்கி, காட்டு விலங்குகளால் உயிருக்கு உத்தரவாதமின்றிக் கண்ணீர் வடிக்கின்றனர். இது நியாயமா? எனவே தக்க நடவடிக்கை எடுக்குமாறு பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்."

"எத்தனை வீடும்மா?"

"முப்பத்தி எட்டு, அக்கா."

"இருட்டுன்னா எங்க இருட்டு?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுகளுக்குப் போகும் பாதையில் நாலு கம்பம். முதலும் கடைசியும் எரிகிறது. நடுவில் இரண்டில் விளக்கே மாட்டவில்லை. அந்த இடத்தில்தான் காட்டெருமை நிற்கும். "மாசத்துல மூணு நாலு தடவ நிக்குது அக்கா. ஆறே முக்கா பஸ்ஸுல பதினோரு பிள்ளைங்க வரும். அந்த எடம் வந்தா எல்லாம் சேந்து சத்தமாப் பாட்டுப் பாடும். எருமைக்குக் கேக்கட்டும், ஒதுங்கட்டும்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு விரல் நின்றுவிட்டது.

நாங்கள் எழுதியது இது:

"எங்கள் குடியிருப்பின் 38 வீடுகளுக்கும் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரே நடைபாதை. அதில் நான்கு மின்கம்பங்கள் உள்ளன. இரண்டாவது, மூன்றாவது கம்பங்களில் விளக்கு பொருத்தப்படவில்லை. மாலை 6.45 பேருந்தில் வரும் 11 பள்ளிப் பிள்ளைகள் இந்த இருட்டைக் கடக்கும்போது, காட்டெருமை விலகட்டும் என்று சேர்ந்து சத்தமாகப் பாடிக்கொண்டு வருகிறார்கள். கம்பமும் மின்கம்பியும் ஏற்கெனவே இருப்பதால் விளக்கு மட்டும் பொருத்தினால் போதும். கம்ப எண்கள் கீழே உள்ளன. இரண்டு விளக்குகள் பொருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

என்ன மாறியது? "நூற்றுக்கணக்கான" போய் 38 வந்தது. உயர்வு நவிற்சி போய் தன்மை நவிற்சி வந்தது. முன்னது மிகைப்படுத்திச் சொல்வது, பின்னது இருப்பதை இருந்தபடி சொல்வது. அணியிலக்கணத்தில் இரண்டுமே அழகுதான். ஆனால் இங்கே எண்ணிப் பார்க்கக்கூடியதற்குத்தான் பலம். "தக்க நடவடிக்கை" போய் "இரண்டு விளக்குகள்" வந்தது. தக்க நடவடிக்கை என்றால் எது தக்கது என்று அவரே யோசிக்க வேண்டும், அதற்கு அவருக்கு நேரமில்லை. "விளக்கு மட்டும் பொருத்தினால் போதும்" என்ற வரி மேலதிகாரியின் செலவுக் கேள்விக்குப் பதில். "இது நியாயமா?" என்ற கேள்வியையும் எடுத்துவிட்டேன். மேடையில் அப்படிக் கேட்டால் கூட்டம் "இல்லை" என்று கத்தும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மனசுக்குள் வேறு பதில் சொல்லிக்கொள்வார்.

உருக்கம்? அது பாட்டுப் பாடும் பிள்ளைகளிடம் இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது வெளியே தெரியும் உணர்ச்சிகளில், நம் மனுக்கள் பிடித்துக்கொண்டு விடாதவை அழுகையும் இளிவரலும். "பாதம் பணிந்து" என்பது சுத்தமான இளிவரல், தன்னைத் தானே தாழ்த்திக்கொள்வது. படிப்பவருக்கு அதில் சங்கடம்தான் வரும். பிள்ளைகள் பாடுவதில் அச்சம் இருக்கிறது, கொஞ்சம் நகை இருக்கிறது, ஒரு பெருமிதமும் இருக்கிறது. இதையெல்லாம் நான் அவளிடம் விளக்கவில்லை. "அதப் போய் எழுதுவாங்களா அக்கா?" என்று அவள்தான் வெட்கப்பட்டாள்.

எதிராளி சொல்வதை முதலில் நீங்களே சொல்லுங்கள்

நன்னூலில் எழுவகை மதம் என்று ஒரு சூத்திரம். இங்கே மதம் என்றால் கொள்கை. அதில் மூன்றாவது, பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல். எதிர்க்கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதை நீக்குவது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் சொன்ன இந்த உத்தியை நான் மலைப்பாதை விஷயங்களில் நிறையப் பயன்படுத்துகிறேன். மினி பஸ் கேட்டால் வழக்கமாக வரும் பதில், வளைவு குறுகல், வண்டி திரும்பாது. அதனால் நாமே எழுதிவிடுவது: "இரண்டாவது வளைவு குறுகலானது என்பது உண்மை. ஆனால் இலை ஏற்றிய லாரி வாரத்தில் ஆறு நாள் இதே வளைவில் திரும்பிப் போகிறது." லாரி போகிற புகைப்படம் ஒன்றும் இணைப்பு. அவர் எழுதியிருக்கக்கூடிய மறுப்பை நாம் எழுதிவிட்டதால், அவர் அடுத்த வரிக்குத்தான் போயாக வேண்டும். இல்லாத மறுப்பையெல்லாம் கற்பனை செய்து நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள், அதுவும் நடக்கிறது.

படிப்பவருக்கு எது முக்கியம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவைப் பார்த்திருப்பீர்கள். 1819இல் இந்த மலைக்கு வந்த கோயம்புத்தூர் கலெக்டர் அவர். இங்கே ஓர் ஊர் உண்டாக்க வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசிடம் வாதாடியபோது, சமவெளியில் நோயுற்ற படையாட்கள் உடல் தேற ஏற்ற குளிர் என்பதை முன்னால் வைத்தார். மலை அழகாக இருக்கிறது என்பதற்காகக் கம்பெனி காசு செலவழிக்குமா? அவர் கொண்டுவந்த மாற்றம் இந்த மலையின் மக்களுக்கு நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எதுகையும் மோனையும் கோஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தேயிலை விலைக்கு உண்ணாவிரதம் இருக்கும்போது பந்தலில் அது தேவை, காதில் ஒட்டும். மனுவில் மோனை வந்தால் விளையாட்டாகத் தெரியும். வஞ்சப்புகழ்ச்சி வேண்டவே வேண்டாம். "தங்கள் அலுவலகத்தின் மின்னல் வேகத்தைக் கண்டு வியக்கிறோம்" என்று ஒருவர் பிடிவாதமாக எழுத வைத்தார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு கோப்பில் வைத்துவிட்டார்கள். ஒரே சொல்லை மூன்று முறை அடுக்குவது மேடைக்கு நன்றாக இருக்கும், தாளில் அதுவே நன்னூல் குற்றங்களில் ஒன்றான கூறியது கூறல். அந்தப் பத்துக் குற்றங்களில் எனக்கு மிகவும் வேண்டியது 'மற்றொன்று விரித்தல்', சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது. என் நாலு பக்க மனு முழுக்க அதுதான். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துப் பாருங்கள். நான் வந்தவரையே படிக்கச் சொல்வேன். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுவேன்.

விளக்கு மனுவை அந்தப் பெண் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கொடுத்து, ஏற்பு ரசீதும் வாங்கி வந்தாள். அங்கே வாங்கிய அலுவலர் அதைப் படித்துவிட்டு உள்ளே போய், "பிள்ளைங்க எருமைக்குப் பாட்டுப் பாடிட்டு வருதாம் சார்" என்று சொன்னது அவள் காதில் விழுந்ததாம். ஆறு வாரத்தில் இரண்டாவது கம்பத்தில் விளக்கு எரிந்தது. மூன்றாவதில் இன்னும் இல்லை.

நேற்று மறுபடி வந்தாள், கையில் ஒரு பொட்டலம் வர்க்கியோடு. "இந்தத் தடவ கொஞ்சம் காட்டமா எழுதுவோமா, அக்கா?" என்றாள். தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன்: "இரண்டாவது கம்பத்தில் விளக்கு பொருத்தித் தந்தமைக்கு நன்றி. பிள்ளைகள் இப்போது பாதி வழிதான் பாடுகிறார்கள்."